எந்த எஸ்யூவி பதினைந்து வருஷம் உழைக்கும்?

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான், ஊரும் பட்ஜெட்டும் மட்டும் மாறுகிறது: எந்தக் கம்பெனி எஸ்யூவி ரொம்ப நாள் உழைக்கும்? அதனால் மைலேஜ் கேள்விகள், கலர் கேள்விகள், சன்ரூஃப் வேண்டுமா வேண்டாமா கேள்விகள் எல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிப் போகின்றன, கோபிக்க வேண்டாம்.

கேள்வி: கரூரில் சின்ன அளவில் ஜவுளி ஏற்றுமதி செய்கிறேன். 2011-ல் வாங்கிய செடான் கார் இன்னும் ஓடுகிறது. ஆனால் அம்மாவுக்கு முட்டி வலி, குனிந்து ஏற முடியவில்லை. ஆன்ரோடு 20 லட்சத்துக்குள் ஒரு எஸ்யூவி வேண்டும். மாதம் ஒருமுறை சென்னை போய் வருவேன், மற்றபடி ஊருக்குள்தான் ஓட்டம், மொத்தம் 1,200 கிலோமீட்டர் வரும். வாங்கினால் 15 வருஷம் வைத்திருக்க வேண்டும். மச்சினன் க்ரெட்டா என்கிறான், கூட்டாளி டொயோட்டா தவிர எதையும் தொடாதே என்கிறார், பையன் ஹாரியரில் பிடிவாதமாக நிற்கிறான். யார் சொல்வதைக் கேட்பது சார்?

மூன்று பேருமே வண்டியின் பேரைச் சொல்கிறார்கள், யாராவது ஒருவர் எந்த இன்ஜின், எந்த கியர்பாக்ஸ் என்று சொன்னாரா? க்ரெட்டா என்ற ஒரே பேரில் 1.5 சாதா பெட்ரோல், 1.5 டர்போ பெட்ரோல், 1.5 டீசல் என்று மூன்று இன்ஜின் வருகிறது. கியர்பாக்ஸ் என்று பார்த்தால் மேனுவல், ஐவிடி (சிவிடி வகை), டார்க் கன்வெர்ட்டர், டிசிடி (இரட்டை கிளட்ச்) என்று நான்கு வகை, கடைசி மூன்றும் ஆட்டோமேட்டிக். வெளியே பார்க்க எல்லாம் ஒன்றுதான். பதினைந்தாவது வருஷத்தில் மெக்கானிக்கிடம் போய் நிற்கும்போது தெரியும், எல்லாம் வேறு வேறு வண்டி என்று.

உங்கள் ஓட்டத்துக்கு டீசல் வேண்டாம். 2014 அக்டோபரில் டீசல் விலையைச் சந்தைக்கு விட்ட பிறகு பெட்ரோலுக்கும் அதற்கும் இருந்த பெரிய இடைவெளி சுருங்கிவிட்டது, 2020 ஏப்ரலில் பிஎஸ்6 புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு டீசல் வண்டியின் புகைக் குழாயில் விலை உயர்ந்த வடிகட்டிகள் வந்து உட்கார்ந்துவிட்டன. (அது என்ன தொல்லை என்று வேளச்சேரி வாசகிக்குக் கீழே சொல்லியிருக்கிறேன், படியுங்கள்.) ஹாரியர் டீசல் நெடுஞ்சாலையில் அருமையான வண்டி, பையன் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஃபியட் வழி வந்த அந்த 2.0 லிட்டர் இன்ஜின்தான் ஜீப் காம்பஸ் டீசலிலும் எம்ஜி ஹெக்டர் டீசலிலும் இருந்தது, எனவே தெரியாத இன்ஜினும் இல்லை. ஆனால் அது டைமிங் பெல்ட் வைத்த டீசல். குறிப்பிட்ட காலத்தில் பெல்ட்டை மாற்றியே ஆக வேண்டும், மறந்தால் இன்ஜினே போய்விடும். வாரத்தில் ஐந்து நாள் வெளியூர் போகிறவருக்குச் சொல்வேன், வீட்டிலிருந்து குடோனுக்கும் குடோனிலிருந்து வீட்டுக்கும் போகிறவருக்குச் சொல்ல மாட்டேன்.

டொயோட்டா விஷயத்தில் கூட்டாளி சொல்வது பாதி சரி. 2000-ல் வந்த குவாலிஸ், 2005-ல் அதன் இடத்துக்கு வந்த இன்னோவா, இரண்டும் டாக்ஸியாக ஓடி ஓடியே பேர் வாங்கிய வண்டிகள். லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடியும் சேஸி அசையாமல் நிற்பதை ஊர் ஊராகப் பார்த்திருக்கிறோம். ஆனால் உங்கள் பட்ஜெட்டில் கிடைக்கும் டொயோட்டா எஸ்யூவி ஹைரைடர், அது இன்னோவாவின் தம்பி இல்லை. மாருதி கிராண்ட் விட்டாராவின் இரட்டை, 2022-ல் இரண்டும் ஒரே பிடதி ஆலையிலிருந்து வந்தவை. அதில் மைல்டு ஹைபிரிட் (மோட்டார் இன்ஜினுக்கு உதவி மட்டும் செய்யும் வகை) எடுத்தால் உள்ளே இருப்பது சுசூகியின் 1.5 லிட்டர் இன்ஜின். அதனால் அது மட்டம் என்று அர்த்தம் இல்லை, எர்டிகா டாக்ஸிகளில் ஓடிக்கொண்டிருப்பதும் அந்தக் குடும்பத்து இன்ஜின்தான். ஆனால் இன்னோவாவின் பேரை நினைத்துக்கொண்டு அதற்குக் காசு கொடுக்காதீர்கள் என்று சொல்கிறேன், அவ்வளவுதான்.

ஸ்ட்ராங் ஹைபிரிட் (மோட்டார் தனியாகவும் வண்டியை ஓட்டும் வகை) என்பது வேறு கதை, அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அதில் இருப்பது டொயோட்டாவின் மூன்று சிலிண்டர் 1.5 இன்ஜினும் மோட்டாரும். பேட்டரி, மோட்டார் என்றதும் இவ்வளவு சிக்கலான வண்டி எப்படிப் பதினைந்து வருஷம் தாங்கும் என்று பலர் பயப்படுகிறார்கள். உண்மையில் அதன் இ-சிவிடி கியர்பாக்ஸில் கிளட்ச் கிடையாது, பெல்ட் கிடையாது, ஒன்றோடொன்று கோத்த பல்சக்கரங்கள்தான் சுற்றுகின்றன, தனியாக ஸ்டார்ட்டர் மோட்டாரும் ஆல்டர்னேட்டரும் கூட இல்லை. தேய்ந்துபோக அதில் பொருள் குறைவு. ஹைபிரிட் பேட்டரிக்கு 8 வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரண்டி தருகிறார்கள். அதற்குப் பிறகு உங்கள் பாடு, அந்தச் செலவை மனதில் ஒதுக்கி வைத்துக்கொள்ள வேண்டும். டிக்கியில் பேட்டரி இடத்தை அடைத்துக்கொள்ளும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள், சாம்பிள் துணி மூட்டை ஏற்றுகிறவர் நீங்கள்.

காசுக் கணக்கு இப்படி. வருஷத்துக்கு 14,400 கிலோமீட்டர். சாதா பெட்ரோல் எஸ்யூவி லிட்டருக்கு 14, ஹைபிரிட் 22 தருகிறது என்று வைத்துக்கொள்வோம் (விளம்பரத்தில் 27.97 என்று இருக்கும், அது சோதனைக் கூடத்தில்). வருஷத்துக்குச் சுமார் 370 லிட்டர் மிச்சம், லிட்டர் 100 ரூபாய் என்றால் 37,000 ரூபாய். இரண்டு வண்டிக்கும் ஆன்ரோடில் மூன்று லட்சம் வித்தியாசம் வந்தால், போட்ட காசு திரும்ப எட்டு வருஷம் ஆகும், அதாவது பேட்டரி வாரண்டி முடிகிற நேரம். மாதம் 2,000 கிலோமீட்டர் ஓட்டுகிறவர் கண்ணை மூடிக்கொண்டு ஹைபிரிட் எடுக்கலாம். 1,200-க்கு எனக்கு மனம் ஒப்பவில்லை.

ஆக, மச்சினன் ஜெயித்தார், ஆனால் ஒரு நிபந்தனையோடு: 1.5 சாதா பெட்ரோல் க்ரெட்டா மட்டும். டர்போ இல்லை, டீசல் வடிகட்டி இல்லை, அவசரப்படாத இன்ஜின், முந்திப் போகும்போது கொஞ்சம் முனகும், முனகட்டும். வண்டி செய்வது ஸ்ரீபெரும்புதூர் பக்கம், 2015-லிருந்து தெருவெல்லாம் நிறைந்திருக்கிற மாடல் என்பதால் பிரேக் பேடிலிருந்து பம்பர் வரை எந்த ஊரிலும் கிடைக்கும். இந்தக் கடைசி விஷயத்தை ஷோரூமில் யாரும் சொல்ல மாட்டார்கள், ஆனால் பத்து வருஷத்துக்கு மேல் வண்டி வைத்திருப்பவருக்கு இதுதான் முக்கியம். இதற்குச் சரிசமமாக நான் வைப்பது ஹோண்டா எலிவேட். ஹோண்டா சிட்டி காரில் வரும் அதே 1.5 பெட்ரோல் இன்ஜின், தரையிலிருந்து 220 மில்லிமீட்டர் உயரம், டர்போ ஆப்ஷனே கிடையாது என்பது என் பார்வையில் நல்ல செய்தி. ஒரே தயக்கம், ஹோண்டா இங்கே மாடல்களைக் குறைத்துக்கொண்டே வந்திருக்கிறது, எல்லா ஊரிலும் சர்வீஸ் சென்டர் இருக்காது. கரூரிலேயே வேலை முடியுமா, இல்லை ஒவ்வொரு முறையும் திருச்சிக்கோ கோவைக்கோ வண்டியை விட்டுவிட்டு பஸ்ஸில் திரும்ப வேண்டுமா என்று முதலில் விசாரியுங்கள். அதிலேயே பாதி முடிவு வந்துவிடும்.

கியர்பாக்ஸ்? மேனுவல் எடுத்தால் ஒருநாள் கிளட்ச் பிளேட் மாற்ற வேண்டி வரும், அவ்வளவுதான், எந்த மெக்கானிக்கும் செய்வார். ஆட்டோமேட்டிக்தான் வேண்டும் என்றால் க்ரெட்டாவின் ஐவிடி, எலிவேட்டின் சிவிடி இரண்டுமே பரவாயில்லை. ஆனால் அந்த கியர்பாக்ஸ் ஆயில் ஆயுசுக்கும் மாற்றத் தேவையில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அவர்கள் சொல்லும் ஆயுசு வாரண்டியின் ஆயுசு. டிசிடி ஓட்டுவதற்குச் சுகம். ஆனால் உலர் கிளட்ச் வைத்த டிசிடி, நின்று நின்று ஊர்கிற டிராஃபிக்கில், அதுவும் நம் ஊர் சித்திரை வெயிலில் சூடேறும், நீண்ட நாள் வைத்திருக்கப் போகிறவருக்கு நான் அதைச் சொல்வதில்லை.

வேரியன்ட் விஷயத்தில் நடுவில் நில்லுங்கள். தமிழ்நாட்டில் 2023 நவம்பருக்குப் பிறகு 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரை விலையுள்ள காருக்கு ஆயுள் வரி 18 சதவீதம், டாப் வேரியன்டுக்கு நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் அந்த வரி சேரும். அந்தக் காசில் வருவது என்ன? பெரிய கண்ணாடிக் கூரை, அதன் ஓரத்து ரப்பர், தண்ணீர் வடிகிற குழாய், முன் கண்ணாடியில் கேமரா, கண்ணாடி உடைந்தால் புதுசு போட்டு கேமராவைச் சரிபார்க்கத் தனிச் செலவு. எல்லாம் முதல் மூன்று வருஷம் மகிழ்ச்சி. மிச்சமாகும் காசை எக்ஸ்டெண்டட் வாரண்டியில் போடுங்கள். ஆறு ஏர்பேக்கும் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலும் இருக்கிற வேரியன்டுக்குக் கீழே மட்டும் இறங்காதீர்கள்.

முடிவு செய்வதற்கு முன்னால் அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஷோரூம் போய், முன் சீட்டிலும் பின் சீட்டிலும் இரண்டு இரண்டு முறை ஏறி இறங்கச் சொல்லுங்கள். அவர் எதில் சுலபமாக ஏறுகிறாரோ அதுதான் உங்கள் வண்டி, நான் மேலே எழுதிய எதுவும் அதற்கு மேல் இல்லை.

கேள்வி: வேளச்சேரியில் வீடு, ஆபீஸ் ஏழு கிலோமீட்டர். ஐந்து வருஷம் ஓடிய டீசல் எஸ்யூவி ஒன்றை நல்ல விலைக்கு வருகிறதே என்று வாங்கினோம். இப்போது மாதம் ஒருமுறை டேஷ்போர்டில் ஒரு விளக்கு எரிகிறது, சர்வீஸ் சென்டரில் டிபிஎஃப் என்கிறார்கள், காசு வாங்கிக்கொண்டு அணைத்துத் தருகிறார்கள், மறுபடி எரிகிறது. வண்டியே கோளாறா?

வண்டியில் கோளாறு இல்லை அம்மா, ஓட்டத்தில்தான். பிஎஸ்6 டீசலில் புகைக் கரியைப் பிடித்து வைக்க ஒரு வடிகட்டி உண்டு, அதுதான் டிபிஎஃப். பிடித்த கரியை அவ்வப்போது எரித்துச் சாம்பலாக்க வேண்டும், அதற்குப் புகைக் குழாயில் 600 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும். நெடுஞ்சாலையில் இருபது நிமிஷம் சீராகப் போனால் அது தானாக நடந்துவிடும். வேளச்சேரி சிக்னலில் இருந்து கிண்டி சிக்னலுக்குப் போவதற்குள் இன்ஜினே சரியாகச் சூடாகாது. எரிக்க ஆரம்பிக்கும், நீங்கள் ஆபீஸ் வந்து வண்டியை அணைத்துவிடுவீர்கள், பாதியில் நிற்கும். இதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது: எரிப்பதற்காகக் கூடுதலாகச் செலுத்தும் டீசல் கொஞ்சம் இன்ஜின் ஆயிலில் கலந்து ஆயிலை நீர்க்கச் செய்துவிடும். டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள், ஆயில் மட்டம் குறையாமல் ஏறியிருந்தால் உடனே ஆயில் மாற்றுங்கள், சர்வீஸ் தேதி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஈசிஆரில் மாமல்லபுரம் வரை ஒருமுறை போய் வாருங்கள், கியரை ஒன்று இறக்கி, சீராக 60, 70 வேகத்தில். விளக்கு எரிந்ததுமே இதைச் செய்தால் பெரும்பாலும் அணைந்துவிடும், விளக்கை வாரக்கணக்கில் கண்டுகொள்ளாமல் விட்டால்தான் சர்வீஸ் சென்டர் வரை போகும். வடிகட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு மென்பொருளை மாற்றித் தருகிறேன் என்று யாராவது வருவார்கள். சட்டப்படி தப்பு, வண்டியின் புகைச் சான்றிதழுக்கும் பிரச்சினை. ஈசிஆர் பயணம் ஒத்துவராது என்றால் வண்டியை விற்றுவிட்டு பெட்ரோலுக்கு மாறுங்கள், தினமும் 60 கிலோமீட்டர் ஓட்டுகிற யாருக்காவது அது நன்றாக உழைக்கும்.

கேள்வி: நாகர்கோவிலில் இருந்து எழுதுகிறேன். புது காம்பாக்ட் எஸ்யூவி வாங்குகிற விலைக்கு, 2018 இன்னோவா க்ரிஸ்டா டீசல், 1,40,000 கிலோமீட்டர் ஓடியது, சென்னை பதிவு எண், கிடைக்கிறது. வீட்டில் ஆறு பேர். எடுக்கலாமா?

ஆறு பேர் என்றால் பேச்சே இல்லை, க்ரிஸ்டா. எஸ்யூவி இல்லையே என்று கவலைப்படாதீர்கள், அடியில் லாரி போல லேடர் சேஸி, பின் சக்கர ஓட்டம், இன்றைக்கு எஸ்யூவி என்று விற்கும் பாதி வண்டிகளை விட அது முரட்டு வண்டி. 1,40,000 என்பது அந்த 2.4 டீசலுக்குப் பாதி வயது கூட ஆகாது. 2018 மாடல் பிஎஸ்4 என்பதால் பிஎஸ்6 டீசல்களின் வடிகட்டித் தொல்லையும் இல்லை.

ஆனால் அந்த 1,40,000 உண்மையா என்பதுதான் கேள்வி. க்ரிஸ்டாவில் மீட்டரைக் குறைப்பது லாபமான தொழில், ஏனென்றால் நான்கு லட்சம் ஓடிய வண்டியும் பார்க்க ஒன்றரை லட்சம் ஓடியது போலத்தான் நிற்கும். பதிவு எண்ணை வைத்து டொயோட்டா சர்வீஸ் சென்டரில் சர்வீஸ் வரலாறு கேளுங்கள், ஒவ்வொரு முறை வந்தபோதும் கிலோமீட்டர் எழுதியிருப்பார்கள். முன்பு மஞ்சள் போர்டாக ஓடி வெள்ளை போர்டுக்கு மாறியதா என்று ஆர்.சி. விவரத்தில் பாருங்கள். மாறியிருந்தால் எடுக்கவே கூடாது என்று இல்லை, ஆனால் அதற்கான விலைதான் கொடுக்க வேண்டும்.

அப்புறம், சென்னை வண்டி என்கிறீர்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் மூழ்கிய கார்கள் கழுவித் துடைத்து வெளி மாவட்டங்களுக்கு வந்திருக்கின்றன. சீட் பெல்ட்டை முழுசாக, கடைசி வரை இழுத்துப் பாருங்கள், எவ்வளவு கழுவினாலும் சுருளுக்குள் இருக்கிற பகுதியில் சேற்றுக் கறை போகாது. முன் சீட்டைப் பின்னுக்குத் தள்ளி அடியில் இருக்கும் போல்ட்டுகளில் துரு இருக்கிறதா, ஸ்டெப்னி இருக்கும் இடத்தில் மண் படிந்திருக்கிறதா, கார்ப்பெட் எட்டு வருஷப் பழசாக இருக்கிறதா இல்லை சந்தேகமாகப் புதுசாக இருக்கிறதா. இன்சூரன்ஸ் க்ளெய்ம் வரலாற்றையும் கேளுங்கள். இதில் ஒன்றில் இடறினாலும் விட்டுவிடுங்கள், க்ரிஸ்டாவுக்கா பஞ்சம்.

கேள்வி: மதுரையில் 2017 ஈகோஸ்போர்ட் வைத்திருக்கிறேன். கம்பெனியே போய்விட்டது, விற்றுவிடு என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள்.

வண்டி நன்றாக ஓடுகிறதா? அப்படியென்றால் வைத்திருங்கள். ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்திய உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது, அன்றைக்கே விலை விழுந்துவிட்டது, இனிமேல் பயந்து விற்பதில் லாபம் இல்லை. மறைமலைநகரில் லட்சக்கணக்கில் செய்த வண்டி அது, ஆயில் ஃபில்டர், பிரேக் பேட், சஸ்பென்ஷன் சாமான்கள் வெளிச் சந்தையில் கிடைக்கின்றன. ஹெட்லைட், கதவு, எலக்ட்ரானிக் பெட்டிகள் போன்றவைதான் போகப் போகக் கஷ்டம். அதனால் முழு இன்சூரன்ஸை மட்டும் விடாதீர்கள். ஃபோர்டு மட்டும் இல்லை, 2017 முடிவில் செவர்லேயும் இதே போலத்தான் போனது. புது வண்டி வாங்கும்போது இந்தக் கம்பெனி பத்து வருஷம் இங்கே இருக்குமா என்று யோசிப்பது தப்பே இல்லை, மாதாந்தர விற்பனைப் பட்டியலில் கடைசியில் நிற்கிற கம்பெனியின் வண்டி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் நான் இரண்டு முறை யோசிப்பேன்.

கேள்வி: ஐந்து ஸ்டார் வாங்கிய வண்டி அதிக நாள் உழைக்கும்தானே? (திருப்பூர்)

சம்பந்தமே இல்லை. ஸ்டார் என்பது மோதினால் உள்ளே இருப்பவருக்கு என்ன ஆகும் என்பதற்கு, உழைப்பு என்பது மோதாமல் எத்தனை வருஷம் ஓடும் என்பதற்கு. 2018-ல் டாடா நெக்ஸான் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் ஐந்து ஸ்டார் வாங்கிய பிறகுதான் நம் ஊரில் ஆட்கள் ஷோரூமில் இதையெல்லாம் கேட்கவே ஆரம்பித்தார்கள், 2023-ல் நம் நாட்டுச் சோதனையான பாரத் என்கேப் வந்தது, நல்ல மாற்றம். இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

கேள்வி: போடி பக்கம் ஏலக்காய்த் தோட்டம். மலைப் பாதை, மழைக் காலத்தில் சேறு, உர மூட்டையும் ஏற்ற வேண்டும். பொலேரோவா, தாரா? மாமனார் பொலேரோ என்கிறார்.

மாமனார் சொல்வதைக் கேளுங்கள். 2000-லிருந்து பெரிதாக மாறாத வண்டி, லேடர் சேஸி, உங்கள் ஊர் மெக்கானிக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் கழற்றி மாட்டத் தெரியும். பின் சீட்டை மடித்தால் மூட்டை ஏறும், தாரில் அந்த இடம் கிடையாது. சேற்றில் உண்மையிலேயே அடிக்கடி மாட்டுகிறீர்கள் என்றால் மட்டும் 4x4 தார், இல்லையென்றால் பொலேரோவுக்கு நல்ல மட் டயர் போட்டாலே பாதி வேலை முடியும். ஆனால் குடும்பத்தோடு நான்கு வழிச்சாலையில் சென்னை போவதற்கு அதையே எடுக்காதீர்கள். அது 2024-ல் குளோபல் என்கேப்பில் ஒரே ஒரு ஸ்டார் வாங்கிய பொலேரோ நியோ இல்லை, வேறு மாடல்தான், ஆனால் இன்னும் பழைய வடிவமைப்பு, மோதலைத் தாங்குவதில் அதிகம் எதிர்பார்க்க முடியாது.

கேள்வி: புது எஸ்யூவிக்கு சர்வீஸ் புத்தகத்தில் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்றினால் போதும் என்று இருக்கிறது. மெக்கானிக் 5,000 என்கிறார். (பட்டுக்கோட்டை)

புத்தகத்தில் அந்த 10,000-க்குப் பக்கத்தில் "அல்லது ஒரு வருஷம், எது முதலில் வருகிறதோ" என்றும் இருக்கும், அதை யாரும் படிப்பதில்லை. அதற்கும் கீழே கடுமையான உபயோகம் என்று ஒரு பகுதி இருக்கும்: குறுகிய ஓட்டம், அதிக வெயில், தூசி, நின்று நின்று போகும் டிராஃபிக். நம் ஊரில் பெரும்பாலானவர்கள் ஓட்டுவது அந்த வகைதான். சாதா பெட்ரோல் என்றால் 7,500-ல் மாற்றுங்கள். டர்போ வண்டியாக இருந்தால் மெக்கானிக் சொல்லும் 5,000-மே மோசமில்லை, டர்போ சுற்றுவதே அந்த ஆயிலை நம்பித்தான். அதோடு கூலன்ட்டில் குழாய்த் தண்ணீர் ஊற்றாதீர்கள், உங்கள் பக்கம் உப்புத் தண்ணீர் வேறு. நிறத்தைப் பார்த்து வாங்காமல், சர்வீஸ் புத்தகத்தில் எந்த வகைக் கூலன்ட் சொல்லியிருக்கிறதோ அதே வகையை, கலந்து தயாராக வரும் கேனில் வாங்கி டிக்கியில் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.